திருப்புளியைத் தொடும் முன்

கும்பகோணத்தில் லேப்டாப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் புது மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: “அண்ணே, வைஃபை எடுக்க மாட்டேங்குது.” அந்த வாக்கியத்துக்குள் அரை டஜன் சங்கதிகள் ஒளிந்திருக்கலாம். வைஃபை பட்டியலே காலியாக இருக்கலாம். பட்டியல் வந்து, வீட்டு ரூட்டரின் பெயர் மட்டும் அதில் இல்லாமல் போகலாம். பெயர் வந்து, இணைப்பும் கிடைத்து, இணையம் மட்டும் வராமல் நிற்கலாம். கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது கொல்லைப்புற அறைக்குப் போனதும் அறுந்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. அதனால் அவர் லேப்டாப்பைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்க ஆரம்பித்துவிடுவார். “எந்த எடத்துல வச்சுப் பாத்தீங்க? அதே எடத்துல போன்ல எடுக்குதா? பக்கத்துல என்ன சொருகியிருந்தீங்க? கடைசியா எதையாச்சும் மாத்துனீங்களா?”

இந்தப் பழக்கம் சென்னை ரிச்சி தெருவில் வந்தது. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் கடைக்கு மேல் கடையாக மின்னணுச் சாமான்கள் குவிந்து கிடக்கும் அந்தத் தெருவில்தான் அவர் தொழில் கற்றார். கற்றுக்கொடுத்தவரை எல்லோரும் ‘பாய்’ என்றே கூப்பிடுவார்கள். பையன்கள் மெஷின் வந்ததும் திருப்புளியை எடுத்தால் பாய்க்குக் கோபம் வரும். “ஸ்க்ரூவத் தொடுறதுக்கு முன்னாடி வாயத் தொறந்து கேளுடா” என்பார். வாடிக்கையாளர் சொல்லும் நான்கு வார்த்தையில் பாதி வேலை முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. அது வைஃபை, புளூடூத் விஷயத்தில் மற்ற எதையும்விட அதிகம் பொருந்துகிறது. உடைந்த திரையைப் பார்த்தால் தெரியும். காற்றில் போகும் அலை கண்ணுக்குத் தெரியாது. அது எங்கே தடைப்பட்டது என்பதைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் லேப்டாப்புக்குள்ளேயே வைஃபை இருப்பது பெரிய விஷயம். ஆப்பிள் 1999-ல் ஐபுக்கில் அதற்கு இடம் வைத்தது. இன்டெல் 2003 மார்ச்சில் சென்டிரினோவைக் கொண்டுவந்த பிறகுதான் அது சாதாரண லேப்டாப்களுக்கும் பரவலாக வந்தது. அதற்கு முன் பக்கவாட்டில் ஒரு தடித்த அட்டையைச் செருகிக்கொள்ள வேண்டும். 2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதும், கம்ப்யூட்டரையே பார்த்திராத பல வீடுகளுக்குள் அது நுழைந்தது. திருவிடைமருதூரிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம்தான் பொறுமையாகக் கேட்கவும் விளக்கவும் தாம் உண்மையில் பழகிக்கொண்டதாக அவர் சொல்கிறார். மெஷினுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியாமல், ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்ற பயத்தோடு வந்து நிற்பார்கள்.

பழைய மெஷின்களில் விளிம்பில் ஒரு சிறிய நகர்த்துப் பொத்தான் இருக்கும். பையில் போடும்போது அது தானாக நகர்ந்து வைஃபை அணைந்துவிடும். அதைத் தள்ளிக் கொடுத்தால் வேலை முடிந்தது. இன்றைய மெஷின்களில் அந்த இடத்தை மேல்வரிசைப் பட்டன் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. விமானப் படம் போட்டிருக்கும். ஒரு தட்டு தட்டினால் வைஃபை, புளூடூத் இரண்டும் சேர்ந்து அணையும். ஒரு ஆசிரியை வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத லேப்டாப்போடு வந்தார். மறுநாள் ஆன்லைனில் மதிப்பெண் ஏற்றியாக வேண்டும். முகத்தில் அவ்வளவு கலக்கம். “வீட்ல சின்னப் புள்ள இருக்காம்மா?” என்று கேட்டார். “பேரன் இருக்கான், அதுலதான் தட்டி வெளையாடுவான்.” பட்டனை அழுத்தியதும் திரையின் மூலையில் வைஃபை விசிறி திரும்ப வந்தது. காசு வாங்கவில்லை. எந்தப் பட்டன் என்பதை அந்த அம்மாவையே இரண்டு தடவை அழுத்திப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்.

புது லேப்டாப்பில் முதல் நாளே ஒரு சிக்கல் காத்திருக்கும். விண்டோஸ் 11 தன் ஆரம்ப அமைப்பிலேயே இணையம் கேட்கிறது. பெட்டியிலேயே விண்டோஸ் போட்டு வரும் மெஷின்களில் இது தொந்தரவில்லை. விலை குறைவு என்று விண்டோஸ் இல்லாத மாடலை வாங்கிவந்து, பென்டிரைவிலிருந்து போட்டுக்கொள்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். புதிய வைஃபை கார்டுக்கு உரிய டிரைவர் அந்தப் பென்டிரைவில் இருக்காது. டிரைவர் இல்லாமல் வைஃபை வராது. இணையம் இல்லாமல் டிரைவரை இறக்க முடியாது. இதற்கு அவர் சொல்லும் வழி எளிது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கம்பியால் லேப்டாப்போடு இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் பகுதியில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதைப் போட்டுவிட வேண்டும். லேப்டாப்புக்கு அது கம்பிவழி நெட்வொர்க்காகத் தெரியும், வைஃபை கார்டே தேவைப்படாது. அமைப்பு முடிந்ததும் லேப்டாப் கம்பெனியின் தளத்தில் அந்த மாடல் எண்ணைக் கொடுத்து, வைஃபைக்கு ஒன்று, புளூடூத்துக்கு ஒன்று என இரண்டு டிரைவரையும் இறக்கிப் போட வேண்டும். பலர் முதலாவதைப் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து இயர்போன் வாங்கும்போதுதான் புளூடூத்தே இல்லை என்று தெரிகிறது.

ஏன் இரண்டு என்று கேட்டால், அவர் மேசை டிராயரிலிருந்து ஒரு பழைய கார்டை எடுத்துக் காட்டுவார். 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். எம்.2 வகை. வைஃபை, புளூடூத் இரண்டும் இந்தத் துண்டுக்குள்தான். ஆனால் வைஃபை தாய்ப்பலகையோடு பிசிஐஇ பாதையில் பேசுகிறது. புளூடூத் அதே கார்டிலிருந்து யூஎஸ்பி பாதையில் பேசுகிறது. அதனால்தான் வைஃபை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே புளூடூத் மட்டும் செட்டிங்ஸிலிருந்து காணாமல் போகும். வாடிக்கையாளர் கார்டு போய்விட்டது என்று நினைப்பார். பெரும்பாலும் போயிருக்காது. புளூடூத் பகுதி விழிக்காமல் உறைந்துபோயிருக்கும்.

அதை எழுப்ப மெஷினைச் சும்மா அணைத்துப் போட்டால் போதாது. விண்டோஸ் 8-லிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் இயங்குதளத்தின் மையப்பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த தடவை அதே நிலையில் எழுந்துகொள்ளும். கோளாறும் அதோடு சேர்ந்து எழும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். “தெனமும் அணைச்சுதானே வைக்கிறேன்” என்று சொல்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது. ரீஸ்டார்ட்டிலும் வரவில்லையானால் மெஷினை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பார். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்து கார்டு முழுதாக அணையும். புளூடூத் திரும்பி வந்துவிடும் இடம் பெரும்பாலும் இதுதான். அடுத்து ‘டிவைஸ் மேனேஜர்’. அங்கே மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற ஒரு டிக் இருக்கும். தூக்கத்திலிருந்து எழும்போதெல்லாம் இணைப்பு விட்டுப்போகிற மெஷினில் அதை எடுத்துவிடுவார். சில புது மாடல்களில் அந்தப் பக்கமே இருக்காது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் திருப்புளி. திறந்தால் முதலில் அவர் கண் போவது கார்டின் தலையில் செருகியிருக்கும் இரண்டு மெல்லிய கம்பிகளுக்கு. சாதாரணமாக ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை அல்லது சாம்பல். பல மாடல்களில் இவை கீல் வழியாக நுழைந்து திரையின் மேல் விளிம்புவரை போகின்றன. ஆன்டெனா அங்கேதான் இருக்கிறது. ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த லேப்டாப்பில், ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சிக்னல். கேட்டபோது, வேறோர் இடத்தில் கீல் மாற்றி மூன்று மாதம் ஆகிறது என்றார். திரையைத் திறந்து மூடினால் சிக்னல் ஏறி இறங்கியது. கீலின் இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் கறுப்புக் கம்பி நசுங்கிக் கிடந்தது. கார்டை மாற்றியிருந்தால் காசுதான் போயிருக்கும். அந்த மாணவரிடம் கீல் பற்றிக் கேட்காமல் இருந்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும்.

கார்டை மாற்றியே தீர வேண்டும் என்றால் அதிலும் பார்க்க வேண்டியது உண்டு. இன்டெல் கார்டுகளில் ஒரு வகை, வைஃபை வேலையின் ஒரு பாதியைப் பிராசசரோடு இணைந்த சிப்பிடமே விட்டுவிடுகிறது. பார்க்க ஒரே அளவு, ஒரே செருகுமிடம் போலத் தெரியும். பொருந்தாத மெஷினில் போட்டால் வேலை செய்யாது. சில மெல்லிய லேப்டாப்களில் வைஃபை சிப்பைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அங்கே கார்டு என்ற பேச்சே இல்லை. அப்படிப்பட்ட லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு அவர் சிறிய யூஎஸ்பி டாங்கிளைத்தான் சொல்வார்.

எல்லாவற்றையும்விட அவரை அதிகம் பேச வைப்பது இடம்தான். கும்பகோணத்தின் பழைய ஓட்டு வீடுகள் நீளமானவை. வாசலில் திண்ணை, பிறகு ரேழி, கூடம், முற்றம், கடைசியில் கொல்லை. சுவர்கள் ஒரு முழத்துக்கும் மேல் தடிப்பு. இணையக் கம்பி வாசல்வழி வருவதால் ரூட்டரை ரேழியிலேயே மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பையன் கொல்லைப்பக்க அறையில் படிக்கிறான். ரூட்டரில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை. 5 வேகமானது, ஆனால் கனமான சுவருக்குள் சீக்கிரம் அடங்கிவிடும். 2.4 வேகம் குறைவு, சுவரைத் தாண்டி அதிக தூரம் போகும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் லேப்டாப் 5-ஐப் பிடித்துக்கொண்டு தடுமாறும். அவர் ரூட்டரில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுத்துவிடுவார். கொல்லையில் படிக்கிற லேப்டாப்புக்கு 2.4, கூடத்து டிவிக்கு 5. முடிந்தால் ரூட்டரையே கூடத்துக்கு இழுத்துவிடச் சொல்வார். எந்தச் செட்டிங்ஸும் செய்ய முடியாததைப் பத்து மீட்டர் கம்பி செய்துவிடும்.

அந்த 2.4-ல் கூட்டம் அதிகம். இந்தியாவில் 2005 முதல் அந்த அலைவரிசையை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம். 2018-ல் 5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கமும் அகலமாகத் திறந்துவிடப்பட்டது. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையான அந்தச் சின்ன இடத்துக்குள் தெருவின் எல்லா ரூட்டர்களும், புளூடூத்தும், கம்பியில்லா மவுஸ்களும் இருக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பு ஓடுவதும் 2.45-ல்தான். வைஃபை சேனல்கள் 13 என்று பெயர். ஒன்றோடொன்று மோதாமல் இருக்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்று. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அவர் போனில் ஓர் ஆப் வைத்துக்கொண்டு, எந்த சேனலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் ரூட்டரைத் தொடுவார்.

சேனல் விஷயத்தில் ஒரு விநோதமான புகாரும் வரும். ஒரு பெரியவருக்கு அமெரிக்காவிலிருந்து மகன் வாங்கிவந்து கொடுத்த லேப்டாப். எதிர்வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, சொந்த வீட்டு வைஃபை மட்டும் தெரியவில்லை. போனில் தெரிகிறது. ரூட்டர் தானாகவே 13-ஆம் சேனலுக்குப் போய் உட்கார்ந்திருக்கும். அமெரிக்கச் சந்தைக்கான சில கார்டுகள் 11-க்கு மேல் போவதில்லை. ரூட்டரை 6-ல் நிறுத்தினால் அந்தக் கணமே பெயர் தோன்றும். அந்தப் பெரியவர் லேப்டாப்பைத் திரும்ப அமெரிக்காவுக்கே அனுப்ப ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்.

மவுஸ் துள்ளுகிறது என்று ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். மூன்று மவுஸ் மாற்றியாகிவிட்டது. கடையில் கொண்டுவந்து வைத்தால் ஒழுங்காக ஓடுகிறது. அவர் நேரில் போனார். மவுஸின் சின்ன ரிசீவரை ஒட்டிய அடுத்த துளையில், கணக்குகளைச் சேமிக்கும் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க். ஃபைல் நகலாகும்போது மவுஸ் துள்ளியது, நகல் நின்றதும் சரியானது. யூஎஸ்பி 3 வேகமாகத் தரவு அனுப்பும்போது உண்டாகும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் வந்து விழுகிறது. இன்டெல் 2012-ல் வெளியிட்ட ஆய்வறிக்கையிலேயே இது விளக்கமாக இருக்கிறது. ரிசீவரை மறுபக்கத் துளைக்கு மாற்றி, ஹார்ட் டிஸ்க்கை நல்ல உறை போட்ட கம்பியில் கொஞ்சம் தள்ளி வைத்தார். வேறு எதையும் செய்யவில்லை. “பக்கத்துல என்ன சொருகியிருந்தீங்க” என்ற கேள்வியை அவர் யாரிடமும் விடாமல் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இத்தனை நெரிசலில் புளூடூத் பிழைப்பதே அவருக்கு வியப்பு. பழைய வகைப் புளூடூத் 79 சேனல்களுக்குள் நொடிக்கு 1600 தடவை இடம் மாறுகிறது. ஹெட்செட்டும் லேப்டாப்பும் ஒரே வரிசையில், ஒரே நேரத்தில் தாவுகின்றன. 2003-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, வைஃபை பிடித்துக்கொண்டிருக்கும் சேனல்களை அது தெரிந்துகொண்டு விலகிப் போகிறது. இப்படி அலைவரிசை தாவும் யோசனைக்கு ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தெய்லும் சேர்ந்து 1942-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். எதிரி குறுக்கிட முடியாதபடி நீர்மூழ்கிக் குண்டை வழிநடத்துவதற்காக எழுதியது. பியானோவின் கட்டைகளைப் போலவே அதில் 88 அலைவரிசைகள். கடைக்கு வேலை பழக வரும் பையன்களுக்கு அவர் இதைத் தவறாமல் சொல்வார். எத்தனை பேர் எத்தனை வருஷம் யோசித்த விஷயம் இந்தச் சின்னக் கார்டுக்குள் ஓடுகிறது என்று தெரிந்தால், அதை அலட்சியமாகக் கையாள மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

புளூடூத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி ஞாபகத்தால் வருவது. சேர்க்கும்போது இரண்டு சாதனங்களும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்கின்றன. லேப்டாப்பில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டால் அதன் பக்கத்துச் சாவி போய்விடும். ஸ்பீக்கர் பழைய சாவியையே வைத்துக்கொண்டிருக்கும். பெயர் தெரியும், இணையாது. இரண்டு பக்கமும் அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கும் பொறியியல் மாணவர்களுக்கு இது தினசரித் தலைவலி. கார்டு ஒன்றே என்பதால் ஹெட்செட்டுக்கு இரண்டும் ஒரே ஆள். லினக்ஸில் சேர்த்ததும் விண்டோஸின் சாவி செல்லாததாகிவிடும். அவர் ஒன்றின் சாவியை மற்றொன்றில் எடுத்து எழுதி இதைத் தீர்த்துக் கொடுக்கிறார்.

பழைய லேப்டாப்பில் ஓடும் மவுஸ் புதியதில் தெரியவே இல்லை என்பார்கள். பழையதோடு சேர்ந்த மவுஸ் அதையே தேடிக்கொண்டிருக்கும். அடியில் இருக்கும் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, விளக்கு வேகமாகச் சிமிட்ட ஆரம்பித்தால்தான் மற்றவர் கண்ணுக்குத் தெரியும். 1, 2, 3 என்று எண் போட்ட மவுஸாக இருந்தால் புது மெஷினுக்குப் புது எண். அப்படியும் வராத சில சாதனங்கள் உண்டு. விண்டோஸ் 11-ன் புளூடூத் பக்கத்தில், சாதனங்களைக் கண்டறியும் முறை ‘டிஃபால்ட்’ என்று இருக்கும். அதை ‘அட்வான்ஸ்டு’ என்று மாற்றினால் அவையும் பட்டியலுக்கு வரும்.

ஹெட்செட் பற்றிய புகார் இன்னொரு ரகம். “பாட்டு நல்லா கேக்குது, கிளாஸ் ஆரம்பிச்சா மட்டும் கெணத்துக்குள்ளேருந்து பேசுற மாதிரி இருக்கு.” ஹெட்செட்டில் கோளாறு இல்லை. பழைய புளூடூத் முறையில் நல்ல ஸ்டீரியோ ஒலியும் மைக்கும் ஒன்றாகப் போக முடியாது. மைக்கைத் திறந்ததும் அது தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். பாடம் கேட்கும் பிள்ளைகளிடம் அவர் சொல்வது: ஒலி ஹெட்செட்டில் வரட்டும், மைக்குக்கு லேப்டாப்பில் இருப்பதையே தேர்ந்தெடுங்கள். செலவில்லாமல் பாடம் தெளிவாகக் கேட்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் அவர் யாரையும் பயமுறுத்துவதில்லை, ஆனால் விடுவதும் இல்லை. 2017-ல் மட்டும் இரண்டு பெரிய ஓட்டைகள் வெளிவந்தன. ‘புளூபோர்ன்’ என்பது, சேர்க்கவே வேண்டாம், புளூடூத் திறந்திருந்தாலே உள்ளே புக வழி கொடுத்தது. ‘கிராக்’ என்பது வைஃபையின் டபிள்யூபிஏ2 பாதுகாப்பில் இருந்தது. இரண்டையும் அப்டேட்கள் அடைத்தன. அதனால் அப்டேட்டை நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்டு வருகிறவர்களிடம் அவர் மறுத்துவிடுவார். ரயில் நிலையம், லாட்ஜ் போன்ற இடங்களில் வைஃபையில் சேரும்போது விண்டோஸ் காட்டும் ‘பப்ளிக்’ என்பதையே வைத்துக்கொள்ள வேண்டும், மற்றவர்களுக்கு உங்கள் மெஷின் தெரியாது. ‘பிரைவேட்’ சொந்த வீட்டுக்கு மட்டும். புளூடூத்தில் சேர்க்கும்போது இரண்டு திரையிலும் ஆறு இலக்க எண் வந்தால், இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே சரி என்று அழுத்த வேண்டும். நீங்கள் எதையும் சேர்க்காதபோது அப்படி ஒரு கேள்வி வந்தால் மறுத்துவிட வேண்டும்.

‘நெட்வொர்க் ரீசெட்’ என்ற பட்டனை அவர் கடைசிக்குத்தான் வைத்திருக்கிறார். அது எல்லா நெட்வொர்க் கார்டுகளையும் கழற்றி மறுபடி நிறுவுகிறது; அலுவலக விபிஎன் போட்டிருந்தால் அதையும் திரும்ப அமைக்க வேண்டிவரும். வீட்டிலிருந்து வேலை செய்கிற பெண் ஒருவர் யாரோ சொன்னதைக் கேட்டு அதை அழுத்திவிட்டு, அன்று முழுதும் அலுவலக சர்வருக்குள் போக முடியாமல் தவித்தார்.

புதியது வாங்குகிறவர்கள் பழையதை விற்கக் கொண்டுவருவார்கள். வாடிக்கையாளரை எதிரில் உட்காரவைத்து அவர் முதலில் திறப்பது வைஃபையின் ‘தெரிந்த நெட்வொர்க்குகள்’ பட்டியலை. அதில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் கடவுச்சொல் உள்ளே எழுதப்பட்டிருக்கிறது. விண்டோஸில் ஒரு வரிக் கட்டளையைக் கொடுத்தால் அது அப்படியே திரையில் வந்துவிடும் என்பதைச் செய்தும் காட்டுவார். வீட்டுக் கடவுச்சொல், அலுவலகத்தினுடையது, மாமா வீட்டினுடையது. பார்த்ததும் பெரும்பாலோர் தாமாகவே சொல்வார்கள், “அழிச்சிடுங்க.” நெட்வொர்க்குகளை ஒவ்வொன்றாக மறக்கச் செய்து, புளூடூத் சாதனங்களை நீக்கி, கணக்கிலிருந்து வெளியேறி, முழு ரீசெட் கொடுத்து, அது முடியும்வரை மெஷினைக் கவுன்டரைத் தாண்ட விடமாட்டார்.